முதல் துப்பாக்கியும் நிலவுடைமையும்

இளம் வேட்டைக்காரனுக்கு ஏற்ற முதற் சன்னத் துப்பாக்கி எது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவாகத் தோன்றலாம். படையதிகாரியான பீற்றர் ஹோக்கர், துப்பாக்கியும் வேட்டையும் பற்றி இளைஞர்க்கான கைநூலை 1814இல் இங்கிலாந்தில் வெளியிட்ட காலத்தில் அது வர்க்க வினாவாகவும் இருந்தது.

பறக்கும் பறவையைச் சுடுவோன் நின்று குறிபார்ப்பதில்லை. துப்பாக்கி கண்ணின் நேரே தோளில் தானாக அமைதல் வேண்டும். எனவே வளரும் சிறுவனுக்குக் கட்டை குறுகியதாகவும் குழல் இலேசானதாகவும் இருத்தல் நன்று. ஆயின் இலேசான துப்பாக்கி தோளைக் கடுமையாக உதைக்கும். ஆதலின் மருந்தையும் சன்னத்தையும் குறைத்தே இடுதல் வேண்டும். இலண்டனில் ஜோசப் மான்ரன் போன்ற கம்மியரைச் செல்வந்தர் நாடியதில் வியப்பில்லை.

எனினும், இத்தெரிவு யாருக்கு உரியதாயிருந்தது என்பதே நமது வினா. 1671ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் வருவாய் தரும் சொந்த நிலமுடையோர்க்கே பெரும்பாலும் வேட்டையுரிமை அளித்தது. பாராளுமன்றத்துக்கு மாவட்ட உறுப்பினரைத் தெரிவுசெய்ய 40 சிலிங் நிலவருவாய் போதியதாயிருந்தது. ஒரு கவுதாரியைச் சுடுவதற்கோ அதனினும் ஐம்பது மடங்கு வேண்டியிருந்தது! உயர்குடியினரின் வாரிசு மகன் மட்டும் தன் பெயரில் நிலமின்றியே தகுதி பெற்றான். ஆக, ஹோக்கர் காலத்து 'இளம் வேட்டைக்காரன்' வயதினால் மட்டுமன்றி வாரிசுரிமையாலும் வரையறுக்கப்பட்டவன் என நாம் கருதுகிறோம்.

1831ஆம் ஆண்டுச் சட்டம் உடைமைத் தகுதியை நீக்கிக் கட்டணச் சான்றிதழ் பெற்ற எவரும் வேட்டையாட வழிசெய்தது. ஆயினும் 1828ஆம் ஆண்டின் இரவுக் களவுவேட்டைச் சட்டம் நிலைத்தது. அதன்படி, ஆயுதந் தாங்கி மூவராக இரவில் பிறர் நிலத்தில் வேட்டைக்குப் புகுந்த கூலியாட்களைப் பதினான்கு ஆண்டுவரை நாடுகடத்தலாம். குத்தகை உழவரோ, தம் பயிரைத் தின்னும் முயலைச் சுடுவதற்கு நிலக்கிழார் பறிக்கவியலாத உரிமையை 1880இலேயே பெற்றனர்.