காளிகாட்டில் ஒரு பைசாவுக்குப் படம்

காசு கொடுத்து சினிமா டிஸ்க் வாங்குவது பிரயோஜனமான காரியமா? இதையே 2005-இல் கேட்டிருந்தால் ஒரு பதில், 2015-இல் இன்னொரு பதில். இப்போது கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். மடிக்கணினியில் டிஸ்க் போட இடமே கிடையாது. மாதச் சந்தா கட்டினால் ஆயிரம் படம் வீட்டுக்குள் வந்து விழுகிறது. ஆனால் நான் குடியிருப்பது காளிகாட்டில். மலிவு விலைப் படங்களின் கதி என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தெருக்களில் ஏற்கெனவே ஒரு முழு சரித்திரம் நடந்து முடிந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு விலைக் கணக்குக்கு வருகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை விஷயம். நமக்குச் சுவரில் மாட்டுவதும் படம்தான், தியேட்டரில் ஓடுவதும் படம்தான். வங்காளிகளுக்கும் அப்படியே, இரண்டும் 'சொபி'. வயதானவர்கள் சினிமாவை 'பொய்' என்றும் சொல்வார்கள். புத்தகம் என்று அர்த்தம். பஸ்ஸில் வரும் 'ப' மாதிரி உச்சரிக்க வேண்டும். தமிழில் எழுதும்போது அவர்கள் பொய்யும் நம் பொய்யும் ஒன்றாகிவிடுவதற்கு நான் பொறுப்பல்ல :-)

இப்போதிருக்கும் காளி கோயில் 1809-இல் கட்டி முடிந்தது. யாத்திரைக் கூட்டம் பெருகப் பெருக, மேதினிப்பூர் மாதிரியான மாவட்டங்களிலிருந்து பட்டுவாக்கள் வந்து கோயிலைச் சுற்றிக் கடை போட்டார்கள். நீளச் சுருளில் கதையை வரைந்து, அதைப் பிரித்துக் காட்டிப் பாடிக்கொண்டே ஊர் ஊராகப் போகிற ஜாதி இவர்கள். சுருள் வரைய நாளாகும். யாத்ரீகருக்கோ மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டும். எனவே தொழிலையே மாற்றினார்கள். ஆலையில் செய்த மலிவுக் காகிதம், தண்ணீரில் கரைக்கும் வண்ணம், பின்னணி எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளை. குடும்பமே உட்கார்ந்து, ஒருவர் கோடு இழுக்க ஒருவர் வண்ணம் நிரப்ப, மளமளவென்று தள்ளுவார்கள். விலை ஓரிரு பைசா. (பழைய பைசா. ரூபாய்க்கு 64.) இவற்றுக்கு இங்கே பெயர் 'பட்'. நம் 'படம்' என்ற சொல்லுக்குச் சொந்தக்காரச் சொல்தான்.

காளி, சிவன், கிருஷ்ணன் எல்லாம் இருந்தார்கள். கூடவே ஊர் வம்பும் இருந்தது. தலை வாரி, செருப்பு மாட்டி, வேறு பெண்ணிடம் மயங்கிக் கிடக்கும் பாபுக்கள். வாயில் மீனைக் கவ்விய பூனை, நெற்றியில் நாமத்தோடு. போலிச் சாமியாருக்கு ஒரு குட்டு. இந்த வியாபாரத்தின் பெரிய 'ஹிட்' 1873-இல் வந்தது. தாரகேஸ்வர் கோயில் மஹந்துக்கும் தன் மனைவி எலோகேஷிக்கும் தொடர்பு என்று அறிந்த நபீன் என்பவர், மீன் அரிகிற அரிவாள்மணையால் அவளைக் கொன்றார். வழக்கு நடந்தது. மஹந்துக்கு மூன்று வருஷக் கடுங்காவல், நபீனுக்கு நாடு கடத்தல். ஜனங்கள் மனு மேல் மனுவாகப் போட்டு நபீன் பின்னால் விடுதலையானார். இந்தக் கதையை காளிகாட் பட்டுவாக்கள் காட்சி காட்சியாக வரைந்து விற்றார்கள். சந்திப்பு ஒரு படம், கொலை ஒரு படம், கோர்ட் ஒரு படம், ஜெயில் ஒரு படம். விஷயம் சூடாக இருக்கும்போதே கைக்குக் கிடைத்த மலிவுப் பிரதி என்றால் எனக்கு நம் பழைய விசிடி கடைகள்தான் ஞாபகம் வருகின்றன.

நகல்காரர்களும் இருந்தார்கள். வடக்கே பட்தலாவில் இதே மாதிரியான படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து விற்றார்கள். பிறகு கல் அச்சு வந்தது. ஜெர்மனியிலிருந்து பளபளவென்று வண்ண அச்சுப் படங்கள் வந்து இறங்கின. கையால் வரைகிறவர் இந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியுமா? 1930 வாக்கில் கடை சாத்தியாயிற்று.

இனிமேல்தான் நம் விஷயம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தெருவில் விற்ற படங்கள் எங்கே போயின? வாங்கியவர்கள் வீட்டு மண் சுவரில் ஒட்டினார்கள். புகை, ஈரம், கரையான். கிழிந்ததும் புதிதாக ஒன்று. பைசா விலைப் பொருளைப் பத்திரப்படுத்துவார் உண்டா? வரைந்தவர்களும் எடுத்து வைக்கவில்லை, விற்பதற்குத்தானே வரைந்தார்கள். வைத்துக்கொண்டது வழியில் வந்துபோன சிலர். ஆசிரியராகவும் அருங்காட்சியகக்காரராகவும் இந்தியாவில் வேலை பார்த்த லாக்வுட் கிப்ளிங் ஒரு கத்தை வாங்கி வைத்திருந்தார். அவர் மகன், எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், 1917-இல் அதை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று உலகத்திலேயே பெரிய காளிகாட் பட் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது, அறுநூறுக்கும் மேல். 2011-இல் அதில் கொஞ்சம் இங்கே விக்டோரியா மெமோரியலுக்குக் கண்காட்சியாக வந்தது. பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டரில், லண்டனிலிருந்து கப்பல் செலவு செய்து!

சினிமாவுக்கு வருவோம். முதல் வங்காள முழுநீளப் படம் 'பில்வமங்கள்', 1919. மதன் கம்பெனி தயாரிப்பு. பல வருஷம் அது தொலைந்த படம் என்றே கணக்கு. 2016-இல் பாரிஸ் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அதன் ஒரு துண்டு கிடைத்தது, சுமார் 28 நிமிஷம். அதே பில்வமங்கள் கதையைத்தான் 1937-இல் எம்.கே.தியாகராஜ பாகவதரை வைத்து தமிழில் 'சிந்தாமணி' என்று எடுத்தார்கள். எடுத்தது கல்கத்தாவில். சென்னையில் ஸ்டூடியோக்கள் வேரூன்றாத அந்தக் காலத்தில் நம்மவர்கள் ரயிலேறி இங்கே வந்து படம் எடுத்தார்கள், ஏ.வி.மெய்யப்பனின் முதல் படம் 'அல்லி அர்ஜுனா'வும் இங்கே எடுத்ததுதான். சிந்தாமணி ஒரே தியேட்டரில் ஒரு வருஷம் ஓடியது. அந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே தியேட்டர் கட்டினார்கள். லாபத்தில் கட்டடம் எழும்பியது. படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. பாரிஸில் ஒரு துண்டு மிஞ்சிய அதிர்ஷ்டம்கூட தமிழுக்கு இல்லை.

இன்னொரு கதை எங்கள் பேட்டையோடே சம்பந்தப்பட்டது. ஹாஜ்ரா முனைக்குப் பக்கத்தில் பாசுஸ்ரீ சினிமா. 'பதேர் பாஞ்சாலி' 1955 ஆகஸ்ட் 26-இல் கல்கத்தாவில் வெளியானபோது ஓடிய தியேட்டர்களில் ஒன்று. முதல் சில நாள் கூட்டம் இல்லை. அப்புறம் வரிசை ரோடு வரை நின்றது. 1992-இல் ராய்க்கு ஆஸ்கர் கௌரவ விருது கொடுத்தபோது, விழாவில் காட்ட நல்ல பிரதி தேடியவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தேய்ந்த பிரதிகள். சீர்செய்வதற்காக மூல நெகடிவ்கள் லண்டன் போயின. 1993 ஜூலையில் ஹெண்டர்சன்ஸ் என்ற அந்த லேபில் தீ. அப்பு மூன்று படங்களின் நெகடிவ்களும் அதில் சிக்கின.

கருகிய சுருள்களை வேறு யாராவது குப்பையில் போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி ஆவணக் காப்பகம் வாங்கிப் பெட்டியில் போட்டு இருபது வருஷம் வைத்திருந்தது. பிறகு கிரைட்டீரியன் நிறுவனம் இத்தாலியில் பொலோன்யா லேபுக்கு அனுப்பியது. அங்கே காய்ந்து சுருண்ட பிலிமுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, உருகிய பசையைச் சுரண்டி, ஓட்டைகளைக் கையால் ஒட்டினார்கள். ஆயிரம் மணி நேரத்துக்குப் பக்கமாக இந்தக் கைவேலை மட்டும். பதேர் பாஞ்சாலியில் நாற்பது சதவீதம், 'அபராஜிதோ'வில் அறுபதுக்கு மேல் மூல நெகடிவிலிருந்து தேறியது. மிச்சத்துக்கும், மூன்றாவது படமான 'அபுர் சன்ஸார்' முழுவதற்கும், உலகத்தில் யார் யாரோ வைத்திருந்த பிரதிகள் கை கொடுத்தன. 2015-இல் டிஸ்க் பெட்டியாக வந்தது.

அந்தப் பெட்டி நூறு டாலருக்குப் பக்கம். அன்றைய மதிப்பில் 6,500 ரூபாய்க்கு மேல். அமெரிக்காவிலிருந்து வந்த சக ஊழியரிடம் சொல்லி வரவழைத்தேன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் அமெரிக்க ப்ளூ-ரே 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். கொல்கத்தாக்காரர் எடுத்த கொல்கத்தாப் படம், கொல்கத்தாவில் விற்கும் பிளேயரில் ஓடாது. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் ஒன்றை முன்கூட்டியே தேடி வைத்திருந்ததால் தப்பித்தேன். அதற்கும் காசு. இதையெல்லாம் கூட்டினால் ஒரு படத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று வீட்டில் சொல்லவில்லை.

மறுகோடியில் மோசர் பேர். அதை ஆரம்பித்த தீபக் புரி முதலில் தொழில் செய்தது கல்கத்தாவில்தான். மின்வெட்டும் தொழிற்சங்கப் போராட்டமும் தாங்காமல் டில்லி போய் 1983-இல் மோசர் பேர் தொடங்கினார். ஃப்ளாப்பி, சிடி என்று வளர்ந்து, 2007-இல் சினிமா டிஸ்க்கில் இறங்கினார்கள். விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். அதுவரை ஒழுங்கான டிவிடி என்றால் நானூறு, ஐந்நூறு. பிளாட்பாரத் திருட்டு டிஸ்க்கை விலையாலேயே அடிப்பது என்பது திட்டம். திருட்டு விசிடிக்காரர்களை குண்டர் சட்டத்தில் போடலாம் என்று தமிழ்நாடு அரசு 2004-இல் திருத்தம் கொண்டுவந்தும் முடியாததை, 28 ரூபாயால் கொஞ்ச நாளாவது செய்து காட்டினார்கள். 'பூ' மாதிரி நல்ல தமிழ்ப் படங்களின் தயாரிப்பிலும் பங்கெடுத்தார்கள். பிறகு கடன், நஷ்டம். 2018-இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு. பார்க் ஸ்ட்ரீட் மியூசிக் வேர்ல்ட் அதற்கு முன்பே, 2013-இல் மூடியாயிற்று.

2009-இல் அம்மா கண் ஆபரேஷனுக்காக இங்கே வந்து ஆறு மாதம் இருந்தார். பாஷை தெரியாது. பக்கத்து வீட்டு மாஷிமாவோடு சிரிப்பிலேயே பேச்சு. கட்டுப் பிரித்த பிறகு அவருக்குத் துணை நான் ஊர் போகும்போதெல்லாம் வாங்கி வந்த 28 ரூபாய் டிஸ்க்குகள்தான். அதில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை இன்று எந்தச் சந்தாத் தளத்திலும் நான் பார்க்கவில்லை. அம்மா இப்போது இல்லை, டிஸ்க் ஓடுகிறது.

சந்தாவில் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கு: நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியா வந்தபோது குறைந்தபட்சம் மாதம் 500 ரூபாய், 2021 டிசம்பரில் மொபைலுக்கு மட்டுமான திட்டம் 149 ஆனது. புதுப் படம் ஒரு தடவை பார்க்க இதைவிட மலிவு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் கடைசியில் அதில் வந்தது, புகார் கிளம்பியதும் 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். படம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. சந்தா கட்டியவரின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அப்படி யாரும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஆகவே என் கணக்கு இது. ஒரு தடவை பார்த்து மறக்கிற படத்துக்கு டிஸ்க் வாங்குவது தண்டம், பத்து ரூபாயானாலும். நாலாவது தடவையும் பார்ப்பேன் என்று தெரிந்த படத்துக்கும், தயாரித்தவரே அக்கறைப்படாத பழைய தமிழ்ப் படத்துக்கும் கொடுக்கலாம். அந்த 6,500-ஐ நான் இன்னும் தண்டம் என்று நினைக்கவில்லை. பழைய டிஸ்க் கடையில் பேரம் பேசுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சடித்தது. நீலமோ ஊதாவோ அடித்தால் வீட்டில் எரித்த நகல், அதன் சாயம் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளை தெரிகிறதா என்றும் பாருங்கள். அலுமினியம் அரித்திருந்தால் வேண்டாம். பூஞ்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தால் போய்விடும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. கொல்கத்தா மழைக்காலத்தில் எனக்கு இது வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த வருஷம் இன்னும் பாதி அலமாரி பாக்கி.