பால்மரத்துக்கு முன் வந்த கரும்பு



தோட்டம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ரப்பர் மரம். அதற்கு அடுத்தது செம்பனை. நம் பிள்ளைகளைக் கேட்டால், "பாட்டன் காலத்திலிருந்தே பால்மரந்தான்" என்பார்கள். ஆனால், தமிழ்த் தொழிலாளரைப் பெருந்தொகையாக இந்நாட்டுத் தோட்டங்களுக்கு முதலில் அழைத்து வந்த பயிர் ரப்பர் அன்று, கரும்பு. பொங்கலன்று நாம் வாசலில் நிறுத்தி மகிழ்கிறோமே, அதே கரும்புதான். அது இந்நாட்டில் எப்படி வளர்ந்தது? ஏன் மறைந்தது? மண்ணைக் கெடுக்காமல் கரும்பின் விளைச்சலைப் பெருக்க உழவர்கள் பின்னாளில் எவ்வாறு கற்றார்கள்? இவற்றை இன்று பார்ப்போம்.

தடித்த, சாறு மிகுந்த கரும்பின் தாயகம் நியூகினி தீவு என்பது அறிஞர் முடிவு. அங்கிருந்து அது மலாய்த் தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் பரவியது. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தனர் என்ற செய்தி புறநானூற்றில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பயிர் என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. மலாய் மக்களும் 'தெபு' என்று பெயரிட்டு வீட்டுக் கொல்லையில் வளர்த்து வந்தனர். அந்த நாளில் அது கொல்லைப் பயிர். தோட்டப் பயிராக மாறியபோதுதான் கதையும் மாறியது.

ஆங்கிலேயர் 1786-இல் பினாங்குத் தீவில் காலூன்றினர். 1800-இல் அதன் எதிர்க்கரையையும் பெற்று, புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயரிட்டனர். இன்று நாம் செபராங் பிறை என்று அழைக்கும் பகுதி அது. அங்கே பத்து கவான் பக்கத்தில் கரும்புத் தொழிலைத் தொடங்கியவர்கள் தியோச்சியூ சீனர்கள். மாடு கட்டி இழுக்கும் கல் ஆலையில் சாறு பிழிந்து சர்க்கரை காய்ச்சினார்கள். 1840-களில் ஐரோப்பிய முதலாளிகள் வந்தனர். நீராவி ஆலைகள் எழுந்தன. அப்பகுதியில் கரும்புத் தோட்டம் நடத்திய லியோனார்ட் ரே என்பவர் 1848-இல் வெளியிட்ட நூலில், 'சிலாங்கூர் கரும்பு' என்ற உள்நாட்டு ரகத்தை மிக உயர்வாகப் பாராட்டியிருக்கிறார். ஆகவே, நல்ல கரும்பும் இருந்தது, மழையும் இருந்தது, நிலமும் இருந்தது. இல்லாதது ஆள்பலம்.

அந்தக் குறையைத் தீர்க்கவே நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் நம் மக்களை ஏற்றி வந்தன. ஒப்பந்தக் கூலி முறை என்று அதற்குப் பெயர். கப்பல் கட்டணம் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. நீங்கினால் அது குற்றம்; சிறைத் தண்டனையும் உண்டு. கலிடோனியா, வால்டோர், பத்து கவான் ஆகிய பெயர்களைக் கேட்டால் இன்று நமக்கு ரப்பரும் செம்பனையும் நினைவுக்கு வரும். அன்று அவை கரும்பு நிலங்கள். கடலோரச் சதுப்பில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, உப்புநீரைத் தடுத்து, அந்த நிலத்தை வயலாக்கிய மண்வெட்டிகளில் நம்மவர் மண்வெட்டி மிகப் பல. காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் மாண்டவர் பலர். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஆனால், அவர்கள் வெட்டிய வாய்க்கால்களின் தடம் அந்த மண்ணில் கிடக்கிறது.

மனிதன் இப்படித் தேய்ந்தபோது இயற்கையும் தேய்ந்தது. கரும்புச் சாற்றில் பெரும்பகுதி நீர். நூறு கிலோ கரும்பைப் பிழிந்தால் கிடைக்கும் சர்க்கரை ஏறத்தாழப் பத்துக் கிலோதான். அந்த நீரையெல்லாம் காய்ச்சி வற்றவைக்க விறகு வேண்டும். கடலோரக் காட்டு மரங்கள் அடுப்புக்கு இரையாயின. மண் சலித்துப் போனால் புது நிலம் தேடுவது. ஆள் சலித்துப் போனால் புது ஆள் இறக்குவது. இதுவே அன்றைய கணக்கு.

இந்தக் கணக்கு நிலைத்ததா? இல்லை. ஐரோப்பாவில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் அரசு உதவியோடு வளர்ந்து, உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. பக்கத்திலுள்ள ஜாவாவின் சர்க்கரையும் போட்டியாக நின்றது. ஜாவாவில் உழவர் துன்பப்படவில்லை என்று நாம் சொல்லவில்லை. டச்சுக்காரரின் கட்டாயப் பயிர் முறையால் அவர்கள் பட்ட பாடு பெரிது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1880-களில் 'செரே' என்ற நோய் ஜாவாக் கரும்பைத் தாக்கியபோது, அங்கே ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின. புதிய ரகங்கள் பிறந்தன. வெல்லஸ்லி முதலாளிகளோ மலிவான கூலியையே பெரிதும் நம்பியிருந்தனர். பிறகு ரப்பர் விலை ஏறியது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் ஒழிந்தது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு வயல்கள் ரப்பர்த் தோட்டங்களாயின. ஆலைச் சங்கு ஓய்ந்தது. பால் சீவும் கத்தி வந்தது.

இங்கே கரும்பு மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், நம் மூதாதையர் விட்டுவந்த தமிழகத்தில் கரும்புக்கு ஒரு புதுவாழ்வு தொடங்கியது. சென்னை மாநிலக் கரும்பைச் செவ்வழுகல் நோய் கடுமையாகத் தாக்கியிருந்தது. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்து, புளித்த நாற்றம் வீசும் கொடிய நோய் அது. கரும்பில் நல்ல ரகங்களை உருவாக்குவதற்காக 1912-இல் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்குள்ள தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதே அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம். அதன் தலைவராக இருந்தவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். அவருக்குத் துணையாகவும், பின்னர் அவர் இடத்தில் தலைவராகவும் இருந்தவர் டி. எஸ். வெங்கடராமன்.

அவர்கள் செய்தது என்ன? 'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்போடு, கோவைப் பக்கத்தில் தானே முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்பைச் சேர்த்தார்கள். பேய்க்கரும்பு என்று ஒதுக்கப்படும் அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும் உரம் உண்டு. இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளைதான் 'கோ 205'. 1918-இல் பஞ்சாப் உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இது, அங்கிருந்த பழைய ரகங்களை வெகுதூரம் பின்தள்ளியது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. அந்த எழுத்தைத் தாங்கிய கரும்புகள் பின்னர் பல நாடுகளுக்குச் சென்றன. தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் என்ற தாவர அறிஞர் 1930-களில் அந்த நிலையத்தில் பணியாற்றினார். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாக இருந்த காலத்தில் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்று வந்தவர் அவர். நம் பெண் குழந்தைகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

நல்ல ரகம் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. வட இந்தியாவில் 'கோ 0238' என்ற ரகம் 2009-இல் வெளியிடப்பட்டது. விளைச்சலும் சர்க்கரையும் மிகுந்திருந்ததால், உத்தரப் பிரதேசத்தில் பெரும்பகுதி நிலத்தில் அது ஒன்றையே நட்டார்கள். சில ஆண்டுகளில் அதே செவ்வழுகல் நோய் அதையும் பற்றிப் பரவியது. எத்தனை நல்ல ரகமானாலும் ஊர் முழுவதும் ஒன்றையே நடக்கூடாது என்பது அதனால் பெற்ற பாடம். நோயற்ற வயலிலிருந்து விதைக் கரணை எடுப்பதும், பயிரை மாற்றி நடுவதும் இன்றும் உழவருக்குக் காப்பு.

இனி மண்ணுக்கு வருவோம். இங்கே வியப்பான உண்மை ஒன்று இருக்கிறது. நாம் தேநீரில் போடும் சர்க்கரையில் மண்ணின் சத்து ஏதும் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும், வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு, வெயிலின் துணையால் இலை சமைத்த பொருள் அது. அப்படியானால், மண்ணிலிருந்து கரும்பு எடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எங்கே? தோகையில், சக்கையில், ஆலையில் சாறு தெளியும்போது ஒதுங்கும் சேற்றில், கடைசியில் மிஞ்சும் கழிவுப்பாகில். இவற்றில் எவ்வளவு மண்ணுக்குத் திரும்புகிறதோ, அவ்வளவும் மண்ணுக்கு ஆதாயம். சர்க்கரையை விற்றுவிட்டு மண்ணின் பங்கை மண்ணுக்கே கொடுத்துவிடலாம்.

ஆனால் உழவர் பலர் தோகைக்குத் தீ வைத்துவிடுகின்றனர். வெட்டுவது எளிது, பாம்பும் எலியும் ஓடும் என்பது காரணம். தோகையின் கூரிய விளிம்பு கையை அறுக்கும் என்பதும் உண்மையே. எனினும் தீயில் தழைச்சத்து புகையாகப் போகிறது. மண்ணை உழுது கொடுக்கும் சிற்றுயிர்கள் மடிகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இருமல் வருகிறது. மாறாக, ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் காய்ந்த தோகையை உரித்து வரிசைகளுக்கிடையே பரப்பினால், ஈரம் நிற்கும், களை குறையும், தோகை மக்கி உரமாகும். சக்கையை ஆலைக் கொதிகலனில் எரித்துவிட்டால் காட்டு விறகு தேவையில்லை. அன்று வெல்லஸ்லிக் கரையோரக் காடு செய்த வேலையை இன்று கரும்பின் சக்கையே செய்கிறது. பல ஆலைகள் அதிலிருந்து மின்சாரமும் எடுக்கின்றன.

தண்டைத் துளைக்கும் புழுக்களுக்கும் நஞ்சு தெளிப்பது ஒன்றே வழியன்று. புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் மிகச் சிறிய குளவி ஒன்று உண்டு. அதை வளர்த்து அட்டையில் ஒட்டி வயலில் கட்டுகிறார்கள். ஆனால் இதிலும் ஆராய்ந்தே இறங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி, ஹவாயிலிருந்து ஒருவகைத் தேரையைக் கொண்டுவந்து விட்டனர். தேரை வண்டை ஒழிக்கவில்லை. தான் பல்கிப் பெருகி, தன் நஞ்சால் அந்நாட்டு விலங்குகளைக் கொன்றுவருகிறது.

நம் நாட்டில் கரும்பு மீண்டும் ஒருமுறை தலைதூக்கியது. பெர்லிஸ் மாநிலத்தில் கரும்பு பயிரிட 1968-இல் ஒரு நிறுவனம் அமைந்தது. சுப்பிங் பகுதியில் வயல்கள் பரந்தன. கரும்பில் இனிப்பு ஏற, வெட்டுமுன் வறண்ட பருவம் வேண்டும். ஆண்டு முழுதும் மழை பெய்தால் தண்டு நீளுமே தவிர இனிப்பு கூடாது. நாட்டின் பிற பகுதிகளைவிடச் சுப்பிங்கில் வறட்சி மிகுதி. சில பத்தாண்டுகள் அங்கே கரும்பு விளைந்தது. பிறகு அங்கும் பெரும் வயல்கள் ரப்பருக்கு இடம் கொடுத்தன. இன்று நம் கடைகளில் வாங்கும் சர்க்கரை, வெளிநாட்டிலிருந்து கச்சாச் சர்க்கரையாக வந்து இங்கே சுத்திகரிக்கப்படுவதே.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? விளைச்சலைப் பெருக்க இரண்டு வழிகள் முயலப்பட்டன. ஒன்று, மண்ணையும் காட்டையும் மனிதனையும் சேர்த்துப் பிழிவது. அந்த வழியில் போன தோட்டங்கள் கரும்பைக் காப்பாற்றவில்லை. மற்றொன்று, விதையை ஆராய்வது, நீரை அளந்து பாய்ச்சுவது, எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தருவது. அந்த வழியில் போனவர்களின் வயலில் கரும்பு இன்றும் நிற்கிறது. கரும்பைப் பிழியலாம், அதற்காகவே அது விளைகிறது. மண்ணும் மனிதனும் பிழிவதற்கு உரியவர்கள் அல்லர்.

நம் கைக்கு எட்டிய காரியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். லயத்துக் கொல்லையில் வாழையோ கீரையோ, இரண்டு கட்டைக் கரும்போ வைத்திருப்போர் சருகையும் தோகையையும் குவித்து எரிக்கவேண்டாம். வேரைச் சுற்றிப் பரப்புங்கள். அடுத்த பொங்கலுக்குக் கரும்பு வாங்கும்போது, இந்நாட்டுத் தோட்டங்களில் அதை நட்டு வெட்டிய நம் மூதாதையரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரும்பு இனிக்கும், அதன் பின்னால் உள்ள கசப்பும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.