அன்னபூரணி: அமெரிக்கா போன செகண்ட் ஹேண்ட் கப்பல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் செய்யற கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகம் வழியா வெளிநாடு போறது நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனா தமிழர்கள் கையால கட்டின ஒரு பாய்மரக் கப்பலே அமெரிக்காவுக்கு விலைபோன கதை தெரியுமா? அதுவும் செகண்ட் ஹேண்ட்ல!

ஊர், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. கப்பல் பேரு அன்னபூரணி. 1930-ல் கட்டினது; நீளம் 89 அடி, ரெண்டு பாய்மரம். அந்த ஊர்க் கப்பல்கள் ரங்கூன் வரைக்கும் வியாபாரத்துக்குப் போய் வந்தவை.

வாங்கினவர் லேசுப்பட்ட ஆள் இல்லீங்க. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 1928-லிருந்து 1931 வரைக்கும் 'ஸ்வாப்'ங்கற 32 அடிப் படகுல உலகத்தையே சுத்தினவர். பழைய பைக் வாங்கவே நாம மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறோம். அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டிய பழைய கப்பலை அந்த மனுஷன் பார்த்துப் பார்த்துத்தானே வாங்கியிருப்பார்!

1937-ல் வல்வெட்டித்துறையை விட்டுக் கிளம்பி, கொழும்புல மராமத்து முடிச்சு, வல்வை மாலுமிகளோட சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாப் போச்சு. 1938 ஆகஸ்ட் 1 அன்னிக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்துல போய் நின்னுச்சு.

ஆனா அப்போ அது அன்னபூரணி இல்லை. ராபின்சன் மனைவி பேருல 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆயிடுச்சு. காசு கொடுத்தவர் பேரு வைக்கிறார், அதுல தப்பில்லை. ஆனா அட்லாண்டிக் அலையைத் தாங்கினது வல்வை மேஸ்திரிமார் அடிச்ச பலகை. நம்ம பசங்களுக்கு டைட்டானிக் தெரியுது. அன்னபூரணியையும் சொல்லிக் கொடுங்க மக்களே.