னகர ஒற்றின் சாட்சி: ஹெண்ட்ரிக்ஸ் இசைத்தட்டு உறையில் விராட் புருஷன்

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் குழுவின் ‘ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ இசைத்தட்டு 1967 டிசம்பர் 1 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. அதன் உறையில் இருப்பது, மதுரைப் பக்கத்துப் பூஜை அலமாரி எதிலும் அந்நியமாகத் தெரியாத சாமி படம்: பல தலைகளும் பல கைகளுமாக விரிந்து நிற்கும் திருமாலின் விசுவரூபம். நடுவே மட்டும் ஹெண்ட்ரிக்ஸ், நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் மூவரின் முகங்கள். கார்ல் ஃபெர்ரிஸ் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து ரோஜர் லா வரைந்த அந்த முகங்கள், கடையில் விற்ற அச்சுப் படத்தின்மேல் ஏற்றப்பட்டன.

இந்த உறைக்கு முதல் வாசிப்பைத் தந்தவர் ஹெண்ட்ரிக்ஸ்தான். படத்துக்கும் தங்கள் மூவருக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கருத்து. தன் குடும்பத்தார் சொல்லிவந்த செவ்விந்திய மரபைக் காட்டியிருந்தால் பொருந்தியிருக்கும் என்றும் அவர் வருந்தினார். ராக் இசை வரலாறுகள் இதைப் பிடித்துக்கொண்டு, ‘தவறான இந்தியரை’ வரைந்துவிட்டார்கள் என்ற கதையாக அதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தன் பெயரில் வரும் தட்டின் முகப்பைத் தானே தீர்மானிக்க முடியாத கலைஞனின் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த வருத்தத்தையே படத்தின் பொருளாகக் கொள்ளும்போது, படம் வெறும் ‘மலிவு அச்சுத் தாளாக’ச் சுருங்கிவிடுகிறது. அது எங்கே, எந்தக் கண்களுக்காக அச்சானது என்ற கேள்வியே எழாமல் போகிறது. இக்கட்டுரை மாறுபடுவது இந்த இடத்தில்தான்.

பிழை என்ற விளக்கம் அந்த ஆண்டின் சூழலுக்கும் ஒத்துவரவில்லை. 1967-இலேயே வந்த பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ உறையில், ஜார்ஜ் ஹாரிசன் கேட்டுக்கொண்டபடி பரமஹம்ச யோகானந்தர் உள்ளிட்ட நான்கு குருமார்கள் இடம்பெற்றனர். காந்தியின் உருவத்தை மட்டும் அவர்களது இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. எடுக்கச் சொன்னது. இந்தியாவில் மனம் புண்படும் என்ற அச்சமே காரணம். அதே ஆண்டு இறுதியில் திருமாலின் முகத்தின்மேல் வேறு முகம் ஏறியது. காந்திக்கு ஓர் ஆளுமை உண்டு, சாமி படத்துக்கு இல்லை என்ற எண்ணம் அன்றைய லண்டன் வடிவமைப்பு உலகில் இருந்திருக்க வேண்டும். ‘தவறான இந்தியர்’ கதை அந்த எண்ணத்தையே தொடர்கிறது.

பக்தரின் முகத்தைச் சாமி படத்துக்குள் கொண்டுவருவது இந்திய மரபில் புதிதல்ல. ராஜஸ்தானின் நாததுவாரத்தில் வரையப்பட்ட மனோரத் ஓவியங்களில், பக்தர்களின் ஒளிப்பட முகங்களை வெட்டி ஒட்டுவது வழக்கம். ஆனால் அங்கே அவர்கள் அவ்வூர்த் தெய்வமான ஸ்ரீநாத்ஜிக்கு இருபுறமும் கைகூப்பி நிற்பார்கள். ஆக்ஸிஸ் உறையிலோ பக்தருக்கு இடமில்லை. சாமியின் இடமே கைமாறிவிட்டது.

அச்சுப் படத்தின் பிறப்பிடத்துக்கு வருவோம். அது அறியப்படும் பெயர் ‘விராட் புருஷன் – விஷ்ணுரூபம்’. இதில் ‘ரூபம்’ எதையும் நிறுவாது. வடமொழியும் தெலுங்கும் அந்த மகர ஈற்றைப் பகிர்கின்றன. சாட்சி சொல்வது ‘புருஷன்’ என்பதன் கடைசி னகர ஒற்று. இந்தியில் அது ‘புருஷ்’; தெலுங்கில் ‘புருஷுடு’; கன்னடத்தில் ‘புருஷ’ அல்லது ‘புருஷனு’. னகரத்தில் முடிவது தமிழும் மலையாளமும்தான்.

இதற்கு மறுப்பு உண்டு. பம்பாய்ப் பதிப்பாளர்களும் தெற்கே படங்களை விற்றார்கள். பெயர் விற்பனையாளர் இட்டதாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், விற்பவர் பெயரிடுவது வாங்குபவரின் நாவுக்கு ஏற்பத்தான். வரைந்த கை எதுவானாலும், அந்தப் படம் ஏறவேண்டிய சுவர் தென்னகத்துச் சுவர். இந்த அளவுக்கு னகரம் உறுதி தருகிறது.

அதற்கு மேல் ஓரடி வைக்க ஆசை எழுவது இயல்பு. மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து தெற்கே பேருந்தில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) அங்கே தங்கி, மு. ராமலிங்கம், டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களோடு சாமி படங்கள் வரைந்தார். அவற்றை அச்சிட்ட சிவகாசி அருகிலேயே இருந்தது. நேரே பார்த்து நிற்கும் தெய்வம், பின்னே நாடகச் சீலைபோல விரியும் காட்சி என்ற அமைப்பை அவர்கள் காலண்டரில் நிலைப்படுத்தினார்கள். தென்னகச் சுவர்களை நிரப்பிய பெரிய பட்டறைகளில் அது ஒன்று. ஆயினும் ஆக்ஸிஸ் படத்தை அந்தப் பட்டறையில் சேர்க்க ஒரு னகரம் போதாது. கேரளத்து வழியும் திறந்தே இருக்கிறது. காலத்திலும் பின்னெல்லை மட்டுமே உறுதி: படம் 1967 டிசம்பருக்கு முன் அச்சானது. முன்னெல்லை திறந்தே இருக்கிறது.

2014-இல் இந்து அமைப்புகளின் புகாரை ஏற்று மலேசிய உள்துறை அமைச்சு இந்த உறைக்குத் தடை விதித்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் ராக் இசையின் அடையாளமாக உலகைச் சுற்றிய பிறகும், அந்த நாட்டில் அது சாமி படமாகவே வாசிக்கப்பட்டது. மலேசிய இந்துக்களில் பெரும்பான்மையோர் தமிழர். ‘தவறான இந்தியர்’ என்ற பழைய வாசிப்பு இதைக் காலங்கடந்த கோபமாகக் கொள்ளும். இக்கட்டுரையின் பார்வையில், படம் முதலில் யாருக்காக அச்சானதோ அவர்களுடைய மரபைச் சேர்ந்தவர்களின் கண்ணில் மீண்டும் பட்டது.

ஓவியரைத் தீர்மானிக்கத் தேவை, கீழ் ஓரம் வெட்டப்படாத ஒரு பிரதி. காலண்டர் படங்களில் அச்சகத்தின் பெயரும் பதிப்பாளரின் பெயரும் அந்த ஓரத்தில்தான் பொடி எழுத்தில் நிற்கும். கண்ணாடி போடும்போது பெரும்பாலும் சட்டத்துக்குள் மறைந்துவிடும். தேட வேண்டிய இடம் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களின் அலமாரி அல்ல. மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில், மூன்று தலைமுறையாகச் சுவரைவிட்டு இறங்காத விசுவரூபப் படங்களின் பின்பக்க ஆணிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.