ஹிப்ஹொப் பண்பாடும் கண்டி மலைநாடும்

ஹிப்ஹொப் என்பது 1970களில் நியூயோர்க் நகரின் பிரோங்ஸ் பகுதியில் கறுப்பின, கரீபிய, புவர்ட்டோ ரிக்க இளைஞர்கள் உருவாக்கிய தெருப் பண்பாடு. இசைத்தட்டைக் கையாளும் டீஜே கலை, தாளத்தோடு பேசும் ராப், பிரேக் நடனம், சுவரில் பெயர் தீட்டும் கிராஃபிட்டி ஆகிய நான்கும் அதன் அடிப்படைக் கூறுகள். ஆஃப்ரிகா பம்பாட்டா என்ற டீஜேயின் ஸூலு நேஷன் அமைப்பு அறிவை ஐந்தாவது கூறாகச் சேர்த்தது. தமிழ் ஹிப்ஹொப்பில் உலகெங்கும் கேட்கப்பட்ட பாடல் ஒன்றின் வேர் இலங்கையின் தேயிலை மலைகளில் இருக்கிறது. அதனாலேயே கண்டிப் பக்கத்திலிருந்து இந்தப் பண்பாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோற்றமும் கூறுகளும்

1973 ஆகஸ்ட் 11 இரவு, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்க மாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத்துணிக்குக் காசு சேர்க்க வேண்டும். இசைத்தட்டுப் போட்டவர் அண்ணன் கிளைவ். டீஜே கூல் ஹெர்க் என்று பெயரெடுத்தவர், ஜமேக்காவில் பிறந்து 1967இல் பிரோங்ஸுக்கு வந்தவர். பாட்டு ஓய்ந்து மேளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடியில்தான் கூட்டம் துள்ளுகிறது என்பதை அவர் கண்டுவைத்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தில் ஊசியை இறக்குவார். அது ஓடுகிற வேளையில் முதல் தட்டைக் கையால் பின்னுக்குச் சுழற்றிவிடுவார். சில நொடித் தாளம் இப்படி நிமிடக்கணக்கில் நீண்டது. அந்தத் துண்டு ‘பிரேக்’. அதற்கு ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள்.

குரொஸ் பிரோங்ஸ் அதிவேகப் பாதைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, எஞ்சிய கட்டடங்கள் எரிந்து, நகரமே கைவிட்ட பகுதி அது. வாத்தியம் வாங்க வழியில்லாதவர்கள் வீட்டிலிருந்த தட்டையே வாத்தியமாக்கினார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் கலவையைத் துல்லியமாக்கினார். கிராண்ட் விஸர்ட் தியடோர் தட்டைக் கீறி ஒலி எழுப்பும் ‘ஸ்க்ராட்ச்’ முறையைக் கொண்டுவந்தார். ஹெர்க்கின் பக்கத்தில் ஒலிவாங்கி பிடித்து நண்பர்களின் பெயர் சொல்லி உற்சாகமூட்டிய கோக் லா ரொக்கின் பேச்சிலிருந்து ராப் வளர்ந்தது. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடல் அதை வானொலிக்குக் கொண்டுபோயிற்று. 1982இல் வந்த ‘த மெசேஜ்’ சேரி வாழ்வின் நெருக்கடியைச் சொல்லிற்று. ராப் பாடுபவர் முதலில் சொல்வது தன் பெயரை. கிராஃபிட்டிக்காரர் ரயில் பெட்டியில் தீட்டுவதும் தன் பெயரையே. யாரும் கணக்கில் எடுக்காத இடத்தில் பெயரை உரக்கச் சொல்வதுதான் இந்தப் பண்பாட்டின் உயிர் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

பேரும் தப்பும்

பெயருக்கும் தாளத்துக்கும் கண்டி மலைகளில் வேறொரு கதை உண்டு. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, மாத்தளை வழியே கண்டி மலைகளுக்கு ஏறினார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்றால் ஒருநாள் வேலை. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’. ஒரு மனுசியின் பேர் பாதியாவது கணக்கப்பிள்ளையின் பேனா முனையில் இருந்தது.

விடியுமுன் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தவர்களை, வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு என்ற பறை. சருகையும் கடதாசியையும் கொளுத்தி, தோல் இறுகும்வரை அதைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்த பிறகே அடிப்பார்கள். வேலைக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி. காமன் கூத்துக்கும் அதே தப்புத்தான். அதை அடித்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்தது சமூகம். கண்டிப் பெரஹராவில் முழங்கும் ‘கெட்ட பெர’ மேளமும் சிங்களச் சமூகத்தில் தாழ்த்தப்பட்ட பெரவா சாதியாரின் கையில் வளர்ந்ததே. தோட்டப் பாடல்களைத் திரட்டியவர்களில் சி.வி. வேலுப்பிள்ளைக்கு முதலிடம் தர வேண்டும். அவருடைய தொகுப்பான ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியையும் தோட்டத் துரையையும் வெளிப்படையாகக் குறைசொல்லும் அந்தப் பாடல்கள் ராப்புக்கு மூதாதை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டும் பிறந்த நிலைமை ஒன்றுதான்.

ஒப்பாரியிலிருந்து ராப்புக்கு

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1,50,000 பேரின் கதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் கடதாசி வேலை முடித்து, தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் நிலைத்தது.

அப்படித் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அரக்கோணத்துக்குப் போயிற்று. அந்த வீட்டின் பேரன்தான் ராப் கலைஞர் அறிவு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவாகி, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அவர் பாடினார். 2021 மார்ச்சில் பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகியோருடன் அவர் தந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். துள்ளலுக்கு நடுவே ஒப்பாரி எழுகிற இடந்தான் அதன் சிறப்பு. கோச்சியோடு போன அழுகை அங்கே தாளத்தின் மேல் ஏறி நிற்கிறது.

இதற்கு முன்பே தமிழ் ராப்புக்கு மலேசியாவின் யோகி பி (‘வல்லவன்’, 2006) வழி திறந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து இலண்டனில் வளர்ந்த மாயா என்னும் எம்.ஐ.ஏ., 2005இல் தன் முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையே ‘அருளர்’ என்று வைத்தார்.

ஹிப்ஹொப்புக்கு 50 ஆண்டு நிறைந்தது 2023 ஆகஸ்ட் 11. அதே வாரத்தில், மூதாதையர் நடந்த பாதையைத் தேடித் தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 அன்று புறப்பட்ட ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம், 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தபடி, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை வந்தடைந்தது.