அறுபது கேட்டால் ஐம்பத்தொன்பது: மானிட்டர் அமைப்புகளின் கதை

2009-ல் விண்டோஸ் 7 வெளிவந்த பிறகு பலர் ஒரு விநோதமான சிக்கலைச் சந்தித்தார்கள். மானிட்டர் அமைப்புகளைத் திறந்தால் ரெஃப்ரெஷ் ரேட் 59 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதை 60 என்று மாற்றி ஓகே கொடுப்பார்கள். திரும்பத் திறந்து பார்த்தால் மறுபடியும் 59! டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் 59, கேபிளை மாற்றினாலும் 59. கடைசியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. தொலைக்காட்சிக்குரிய 59.94 ஹெர்ட்ஸ் கணக்கை மானிட்டர் தன்னுடையதாகச் சொல்லும்போது, 59, 60 இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் விண்டோஸ் 7 அந்த 59.94-ஐத்தான் போடும். அதைத்தான் 59 என்று காட்டுகிறது. பழுது எதுவும் இல்லை.

சரி, அந்த 59.94 எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் தேடினால் 1953-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். திரை கறுத்துப் போவது, "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வருவது, 640 × 480-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்று அடம் பிடிப்பது போன்ற மானிட்டர் சிக்கல்கள் பலவற்றுக்கும் இப்படி ஒரு பழைய காரணம் இருக்கிறது.

ஆயிரத்தில் ஒரு பங்கு

ரெஃப்ரெஷ் ரேட் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்ற கணக்கு. அமெரிக்காவில் 1941-ல் என்டிஎஸ்சி என்ற குழு தொலைக்காட்சிக்கான அளவுகளை வகுத்தது. ஒரு படத்துக்கு 525 கோடுகள், நொடிக்கு 30 படங்கள். ஒவ்வொரு படமும் ஒன்று விட்டு ஒன்று கோடுகளாக, இரண்டு பாதிகளாக வரும். ஆகவே நொடிக்கு 60 பாதிகள். 60 என்ற எண்ணுக்குக் காரணம் அந்நாட்டு மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி கொண்டது என்பதே. மின்சாரத்தின் இரைச்சல் திரையில் பட்டையாகத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால் அது நகராமல் நிற்கும், கண்ணை உறுத்தாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சி 625 கோடுகள், 50 பாதிகள் என்று அமைந்ததும் இதே காரணத்தால்தான்.

1953-ல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் புதிய ஒளிபரப்பு தெரிய வேண்டும். வண்ணத்துக்குச் சேர்த்த அலையும் ஒலிக்கான 4.5 மெகாஹெர்ட்ஸ் அலையும் ஒன்றோடொன்று மோதித் திரையில் கோலம் போட்டன. ஒலி அலையை நகர்த்தினால் பழைய பெட்டிகளில் ஒலி கெடும். அதனால் பொறியாளர்கள் படத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். 4.5 மெகாஹெர்ட்ஸை 286-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 15,734 கோடுகள். முன்பு இருந்தது 15,750. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். பழைய பெட்டிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. ஆனால் 60 என்பது 59.94 ஆகிவிட்டது!

பேசத் தெரியாத பெட்டிகள்

1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது இரண்டு விதமான திரை அட்டைகளைக் கொடுத்தது. எழுத்து வேலைக்கான எம்டிஏ நொடிக்கு 50 முறை, சுமார் 18,400 கோடுகள் வேகத்தில் வரையும். வண்ணத்துக்கான சிஜிஏ தொலைக்காட்சிப் பெட்டியிலும் இணைக்கும்படி, அதே 15,700 கோடுகள் வேகத்தில் வரையும். இரண்டுக்கும் ஒரே மாதிரி 9 பின் இணைப்பு. ஆனால் ஒன்றுக்கான மானிட்டரை மற்றதில் செருகினால் ஆபத்து. எம்டிஏவுக்கான ஐபிஎம் 5151 மானிட்டரின் உள்சுற்று, அட்டையிலிருந்து வரும் சைகையை நம்பியே ஓடியது. சைகை தவறினால் மானிட்டர் சூடாகிக் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஒரு தவறான நிரல் விலை உயர்ந்த ஒரு பொருளையே எரித்துவிடக்கூடிய காலம் அது.

அடிப்படைச் சிக்கல் இதுதான்: கணினி பேசும், மானிட்டர் கேட்கும். "இது என்னால் முடியாது" என்று திருப்பிச் சொல்ல மானிட்டருக்கு வழி இல்லை.

1987-ல் ஐபிஎம் விஜிஏவைக் கொண்டுவந்தது. 640 × 480 புள்ளிகள். அதன் கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நொடிக்கு 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம் புள்ளிகள், அதாவது 25.175 மெகாஹெர்ட்ஸ். தெரியாத ஓரங்களையும் சேர்த்து ஒரு கோட்டுக்கு 800 புள்ளிகள், ஒரு படத்துக்கு 525 கோடுகள். வகுத்துப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 31,469 கோடுகள். இது வண்ணத் தொலைக்காட்சியின் 15,734-ன் இரட்டிப்பு! படங்களின் எண்ணிக்கையோ அதே 59.94. தொலைக்காட்சியின் எண் இப்படித்தான் கணினிக்குள் குடியேறியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் இந்தியாவிலும் கணினித் திரை 60 என்று காட்டுவது இந்த அமெரிக்கப் பரம்பரையால்தான்.

விஜிஏவில் மானிட்டருக்கு ஒரு சின்ன சைகை மொழியும் கிடைத்தது. 15 பின்களில் சிலவற்றைத் தரையோடு இணைத்திருப்பதைக் கொண்டு, எதிரே இருப்பது வண்ண மானிட்டரா கறுப்பு வெள்ளையா என்று கணினி தெரிந்துகொள்ளும். அதற்கு மேல் ஒன்றும் பேச முடியாது.

மனிதனே மொழிபெயர்ப்பாளன்

1980-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் புதிய அளவுகளைக் கொண்டுவந்தது. ஐபிஎம் 8514 அட்டை 1024 × 768 காட்டியது; ஆனால் தொலைக்காட்சி போல ஒன்று விட்டு ஒன்று கோடுகளாக, நொடிக்கு 43.5 முழுப் படங்கள் மட்டுமே. கண் கூசும். என்இசி நிறுவனத்தின் மல்டிசிங்க் மானிட்டர்கள் பல வேகங்களுக்கும் தம்மை மாற்றிக்கொண்டன. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த உருவான வெசா என்ற அமைப்பு முதலில் 800 × 600 அளவை 56 ஹெர்ட்ஸில் வகுத்தது. அன்றைய மானிட்டர்கள் பலவற்றால் நொடிக்கு 35,000 கோடுகளுக்குச் சற்று மேல்தான் வரைய முடியும் என்பதால் இந்த 56.

இந்த வேகக் கணக்கைச் செய்யும் வேலை பயனரின் தலையில் விழுந்தது. லினக்ஸில் எக்ஸ்ஃப்ரீ86 என்ற வரைகலை அமைப்பை நிறுவியவர்களுக்கு மோட்லைன் என்ற சொல் இன்றும் மறந்திருக்காது. ஒரே வரியில் ஒன்பது எண்கள். முதலில் புள்ளி வேகம். பிறகு கிடைமட்டத்துக்கு நான்கு: தெரியும் புள்ளிகள், சைகை தொடங்கும் இடம், முடியும் இடம், மொத்தம். அதேபோல் செங்குத்துக்கு நான்கு. எரிக் ரேமண்ட் இதற்கென்றே ஒரு நீண்ட வழிகாட்டி எழுதினார். கணக்கு தப்பினால் மானிட்டர் கெடலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

ஒரு உதாரணம். 1024 × 768, 60 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் வெசாவின் கணக்கு: 65 மெகாஹெர்ட்ஸ், ஒரு கோட்டுக்கு மொத்தம் 1344 புள்ளிகள், மொத்தம் 806 கோடுகள். 65 மெகாஹெர்ட்ஸை 1344-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 48,360 கோடுகள். அதே அளவை 75 ஹெர்ட்ஸில் கேட்டால் 60,000 கோடுகள் ஆகிவிடும். கையேட்டில் "30 முதல் 50 கிலோஹெர்ட்ஸ்" என்று போட்ட மானிட்டர் முதலாவதைத் தாங்கும். இரண்டாவதில் திரை கறுக்கும், அல்லது படம் கிழிந்து உருளும். உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் வந்தால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டியதுதான். விண்டோஸில் அளவை மாற்றியதும் "வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டு, 15 நொடி பதில் வராவிட்டால் பழையபடி திரும்பும் ஏற்பாடு இந்த நிலைமைக்காகத்தான். குருடாகிப்போன திரையில் யாரும் பொத்தானைத் தேட முடியாது அல்லவா?

128 பைட்டில் ஒரு சுயவிவரம்

1994-ல் வெசா இதற்கு ஒரு வழி கண்டது. விஜிஏ இணைப்பில் இருந்த இரண்டு பின்களைப் பேச்சுக்கு ஒதுக்கியது. மானிட்டருக்குள் ஒரு சிறிய நினைவகச் சில்லு. அதில் 128 பைட் தகவல். இதன் பெயர் ஈடிஐடி. தயாரிப்பாளரின் மூன்றெழுத்து, தயாரித்த வாரமும் ஆண்டும், திரையின் நீள அகலம், எந்தெந்த அளவுகள் முடியும் என்ற பட்டியல் எல்லாம் அதில் அடக்கம். பெட்டி வாய் திறந்து பேசத் தொடங்கியது. மோட்லைன் எழுதும் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது.

அந்த 128 பைட்டில் கடைசி பைட் ஒரு சரிபார்ப்பு எண். எல்லா பைட்டுகளையும் கூட்டினால் 256-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். வணிகவியல் படித்தவர்களுக்கு இது இருப்பாய்வு மாதிரி. பற்றும் வரவும் சமமாக இருந்தால் கணக்கு சரி என்று நம்புகிறோம். ஆனால் ஈடுசெய் பிழைகள் இருந்தால் இருப்பாய்வு சமமாகவே இருக்கும், கணக்கோ தப்பாக இருக்கும். ஈடிஐடியும் அப்படித்தான். கூட்டுத்தொகை சரியாக வந்தாலும் உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அர்த்தம் இல்லை. இரண்டு கணினிகளுக்கு ஒரே மானிட்டரைப் பயன்படுத்த உதவும் சுவிட்ச் பெட்டிகள் சில இந்தத் தகவலைக் கடத்துவதே இல்லை. பின் குறைந்த மலிவான கேபிள்களும் அப்படியே. அப்போது கணினி பயந்துபோய் 640 × 480 அல்லது 1024 × 768 என்று பாதுகாப்பாக நின்றுவிடுகிறது.

1366 × 768 மடிக்கணினித் திரைகளில் இன்னொரு வேடிக்கை. 768-ஐ 16:9 விகிதத்தில் பெருக்கினால் 1365.33, அதை 1366 ஆக்கினார்கள். ஆனால் ஈடிஐடியின் சுருக்கப் பட்டியலும் வெசாவின் கணக்கீட்டு விதிகளும் 8-ஆல் வகுபடும் அகலத்தையே ஏற்கும். 1366 வகுபடாது. அதனால்தான் பல இடங்களில் 1360 என்றும் 1368 என்றும் வருகிறது. லினக்ஸில் 1366 என்று கேட்டுக் கணக்குப் போடச் சொன்னால் 1368 என்றுதான் விடை வரும்.

போன பிறகும் போகாத கற்றை

பழைய குழாய் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை ஒரு கோட்டை முடித்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்பி வர நேரம் வேண்டும். தெரியாத ஓரங்கள் அதற்காகத்தான். எல்சிடியில் கற்றையே கிடையாது. ஆனாலும் அந்த வெற்று நேரம் கணக்கில் தொடர்ந்தது. பழைய முறைப்படி 1920 × 1200, 60 ஹெர்ட்ஸுக்கு 193.25 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிளின் எல்லையோ 165. வெற்று நேரத்தைச் சுருக்கும் முறையில் 154 போதும், கேபிளுக்குள் அடங்கிவிடும். படம் அதேதான், இல்லாத கற்றைக்குக் கொடுத்த இடம் மட்டும் மிச்சம்!

இன்று சொந்தமாக ஓர் அளவை அமைப்பவர்களுக்கு இந்த வரலாறே வழிகாட்டி. முதலில் மானிட்டரின் கையேட்டில் கிடைமட்ட, செங்குத்து எல்லைகளைப் பார்க்க வேண்டும். அடுத்து கேபிளின் எல்லை. பிறகு நடுவில் இருக்கும் சுவிட்ச் பெட்டியையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். அப்படியும் மானிட்டர் தவறான விவரம் சொன்னால், லினக்ஸின் எக்ஸ் அமைப்பில் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் புதிய அளவைச் சேர்க்கலாம். விண்டோஸில் திருத்திய ஈடிஐடியை ரெஜிஸ்ட்ரியில் வைக்கும் கருவிகள் உண்டு. எல்சிடியில் அதன் இயல்பான புள்ளி எண்ணிக்கையை விட்டு விலகினால் எழுத்து மங்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

2013-க்குப் பிறகு, விளையாட்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் தொழில்நுட்பங்கள் வந்தன. 2014-ல் வெசாவும் அதைத் தன் தரத்தில் சேர்த்தது. ஆனாலும் புதிய மானிட்டர் ஒன்றின் பட்டியலைத் திறந்தால் 144-க்கும் 120-க்கும் கீழே 59.94 அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியின் ஒலி கெட்டுவிடக் கூடாது என்று 1953-ல் விட்டுக்கொடுத்த அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அது. அந்தப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன; எண் மட்டும் இன்னும் இருக்கிறது.