வழக்குரைஞர் கனகசபைப் பிள்ளையும் சங்க கால ஆராய்ச்சியும்

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ளது செங்கம். மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது செங்கண்மா இவ்வூரே என்பர் அறிஞர். இங்குள்ள சிவன் கோயிற் கல்வெட்டொன்று நன்னன் மலையை அப்பாட்டோடு இயைத்துக் குறிக்கின்றது. ஏட்டின் செய்தியைக் கல்லும் மொழியுமாயின் அதற்கு எத்துணை வலிமை உண்டு? இவ்வினாவிற்கு விடை காண, சங்க கால வரலாற்றை முதற்கண் விரிவாக எழுதியவர்களுள் ஒருவராகிய வி. கனகசபைப் பிள்ளையின் (1855-1906) நெறி நமக்குத் துணைசெய்யும்.

பிள்ளையவர்கள் சென்னையிற் பிறந்தவர். வின்சுலோ அகராதிப் பணிக்குத் துணைநின்ற மல்லாகம் விசுவநாத பிள்ளையின் மைந்தர். அஞ்சல் துறையில் அமர்ந்து, பின்னர்ச் சட்டம் பயின்று மதுரையில் வழக்குரைஞராய் விளங்கினார். மீண்டும் அஞ்சல் துறையையே சார்ந்து கண்காணிப்பாளரானார். அரசுப் பணிக்கிடையே ஏட்டுச்சுவடிகளைத் தொகுத்தார், அவற்றை உ. வே. சாமிநாதையர்க்கும் உதவினார். 1895 முதல் ஆங்கிலத்தில் அவர் எழுதிவந்த கட்டுரைகள் 1904-இல் நூலாயின. 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' எனக் கா. அப்பாத்துரையார் தமிழாக்கியது இந்நூலையே.

அந்நூலில் வழக்குமன்றப் பயிற்சியின் சாயலைக் காண்கின்றோம். தமிழ்ப் பாடல்களை மட்டும் கொண்டு அவர் முடிவு கூறினாரல்லர். பிளினி, தாலமி முதலிய அயலார் குறிப்புகளையும் உடன் நிறுத்தினார். சிலப்பதிகாரம் கூறும் இலங்கை வேந்தன் கயவாகுவை மகாவமிசத்தின் முதலாம் கசபாகுவாகக் கொண்டு, செங்குட்டுவன் காலத்தைக் கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தார். தமிழிலக்கியத்தோடு உறவில்லாத ஒரு நூல் அதற்குச் சான்று பகர்வதே இவ்வாதத்தின் உயிர்.

ஆயினும், எதிர்வழக்காடுவோர் கேட்கும் வினாவும் உண்டு. மகாவமிசம் கசபாகுவைக் கூறுகின்றதேயன்றிச் செங்குட்டுவனையோ பத்தினி விழாவையோ கூறவில்லை. பெயரொற்றுமை நிறுவப்படுகின்றது, நிகழ்ச்சி நிறுவப்படவில்லை. பிற்காலத்தார் பலர் இக்கால முடிவை அடிப்படையாகக் கொண்டமையின், இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

செங்கத்துக் கல்வெட்டிற்கும் இவ்வளவையே பொருந்தும். மலைபடுகடாத்தை அறிந்தோர் பிற்காலத்தில் பொறித்த அக்கல், பாட்டிற்குத் தனிச்சான்று ஆகாது. பாட்டின் நினைவு அவ்வூரில் நிலைத்திருந்தமைக்கே சான்றாகும். சான்று எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை எனப் பிரித்தறிதலே வழக்குரைஞர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் பொதுவாகிய கடன். பிள்ளையவர்களின் முடிவை ஏற்பினும் மறுப்பினும், அந்நெறியை நாம் கைவிடலாகாது.